தணல் சட்டியை முதலில் வெளியே எடுங்கள்

கேள்வி: லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டுக்கு லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து) போன வருஷம்தான் வந்தோம். மேசன் பாஸ் குசினியில் இரண்டு பானை வைக்கிற அடுப்பும் 4 அங்குல இரும்புப் பைப்பில் சிமினியும் கட்டித் தந்தார். விடியற்காலையில் நெருப்பு மூட்டினால் புகை எல்லாம் வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது. பைப் பொருத்துகளில் கறுப்பாகத் தேன் மாதிரி வடிகிறது. விறகு நிற்பதே இல்லை. அதனால் வீட்டுக்காரர் ராத்திரியில் ஒரு பச்சைக் கட்டையை உள்ளே தள்ளி, சிமினித் தகட்டை மூடிவிடுவார். காலை வரை நெருப்பு கிடக்கும். மாமியாருக்கு 70 வயது, குளிர் தாங்க மாட்டார். பழைய சட்டியில் தணல் அள்ளித் தன் அறையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுப்பார். அதில் புகையே வராது. போன கிழமை இரண்டு நாள் தலைவலி, வாந்தியோடு எழும்பினார். வெளியில் கொஞ்ச நேரம் நடந்ததும் குறைந்துவிட்டது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். காஸ் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இந்த அடுப்பை எப்படிச் சரிசெய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பது அடுப்பைப் பற்றி. ஆனால் எனக்கு உங்கள் மாமியாரைப் பற்றித்தான் பயமாக இருக்கிறது. இதை வாசித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். எழுந்து போய் அந்தத் தணல் சட்டியை அவர் அறையிலிருந்து எடுத்து, வெளியே வெறும் மண்ணில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள். இனி எந்த இரவும் அது அறைக்குள் போகக் கூடாது. ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்க வேண்டாம்.

மூடிய அறையில் தணலோடு படுக்கிறார், தலைவலியும் வாந்தியுமாக எழும்புகிறார், வெளிக்காற்றில் நடந்ததும் குறைகிறது. இருபது வருஷத்துக்கு மேல் தோட்டங்களில் அடுப்பும் சிமினியும் கட்டிவரும் எனக்கு இதைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது காபன் மொனொக்சைட்டுதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் காபனோரொட்சைட்டு என்று இருக்கும். நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது, இருமலும் வராது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆள் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார், உடம்புக்கு ஒட்சிசன் போய்ச் சேராது. தூக்கத்தில் இருப்பவருக்கு எழும்பவும் முடியாமல் போகும். இரண்டு நாளும் அவர் எழும்பினார் என்பதை நினைத்து நான் நிம்மதிப்படுகிறேன்.

நான் வைத்தியர் இல்லை. ஆகவே நாளைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தலைவலி என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், "மூடின அறையில தணல் வச்சிப் படுத்தாங்க" என்பதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் யாருக்கும் தோன்றாமல் போகலாம். விரலில் மாட்டிப் பார்க்கும் ஒட்சிசன் கருவி இந்த விஷத்தைப் பிரித்துக் காட்டாது. ஒட்சிசன் சரியாக இருப்பதாகவே எண் வரும். அந்த எண்ணை நம்பித் திரும்பிவிடாதீர்கள். இனி எப்போதாவது வீட்டில் ஒருவர் மயங்கிக் கிடந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கதவைத் திறந்து அவரை வெளியே இழுத்து வந்து 1990க்கு அழையுங்கள். அந்த அம்பியூலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை.

"புகையே வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பயமுறுத்திய வரி அதுதான். விறகு சூடேறும்போது முதலில் அதிலிருந்து வாயுக்கள் கிளம்பும். நாம் பார்க்கும் சுடர் அந்த வாயு எரிவது. அது அடங்கிய பிறகு மிஞ்சுவது கரி. கரிக்குக் காற்றுப் போதாதபோது காபன் மொனொக்சைட்டு உண்டாகும். தணல் குவியலின் மேல் சில வேளை மெல்லிய நீலச் சுடர் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாயு எரியும் நிறம் அது. நீலச் சுடரும் அடங்கிச் சாம்பல் மூடியதும் தணல் சாதுவாகிவிட்டது என்று நினைக்கிறோம். வாயு அப்போதும் நிற்பதில்லை, எரியாமல் அறைக்குள் வருகிறது. புகை என்றால் இருமி எழும்பியாவது இருப்போம்.

அந்தக் காலத்தில் லயத்தில் எல்லாரும் வைத்துத்தானே படுத்தார்கள் என்று மாமியார் கேட்பார். கேட்பது நியாயம். லயத்துக் காம்பராவில் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருந்தது. கதவுக்குக் கீழே பூனை போய் வரும். குளிரும் பனியும் உள்ளே வந்தன. கூடவே காற்றும் வந்தது. இப்போது உங்களுக்குப் பூசிய சுவர், கண்ணாடி ஜன்னல், நிலையோடு பொருந்தி மூடும் கதவு. அந்தப் பழக்கத்தை மட்டும் பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்து, அதன் ஆபத்தைக் குறைத்துவைத்திருந்த ஓட்டைகளை அங்கேயே விட்டுவந்திருக்கிறோம். லயத்திலும் அது பத்திரமான பழக்கம் இல்லை. அதற்குப் பலியானவர்களின் கதையை "ராத்திரி தூக்கத்திலேயே போயிட்டாங்க" என்ற ஒரே வரியில் நாம் முடித்திருக்கலாம்.

அவர் குளிரில் கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. ராச்சோறு ஆனதும் இரண்டு செங்கல்லை அடுப்பின் பக்கத்தில் வைத்துச் சுடவிடுங்கள். கையால் தொட்டுப் பொறுக்கும் சூட்டில் தடித்த துணியில் சுற்றி, அவர் படுப்பதற்கு அரை மணி நேரம் முன் போர்வைக்குள் கால்மாட்டில் வையுங்கள். ரப்பர் சுடுதண்ணீர்ப் பை கிடைத்தால் இன்னும் நல்லது. கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வயதானவர்களின் தோல் சீக்கிரம் வெந்துவிடும். கட்டிலை அடுப்புச் சுவருக்கு மறுபக்கம் உள்ள அறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். நாளெல்லாம் சூடேறிய சுவர் நடுச்சாமம் வரை சூட்டை விடும். குடும்பத்தில் யாராவது வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருந்தால், பற்றரியில் இயங்கும் காபன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கிவரச் சொல்லுங்கள். கருவி வந்தாலும் தணல் சட்டி திரும்ப வரக் கூடாது.

இனி அடுப்புக்கு வருகிறேன்.

ராத்திரியில் பச்சைக் கட்டையை வைத்துத் தகட்டை மூடும் பழக்கத்தை உங்கள் வீட்டுக்காரர் இன்றோடு விட வேண்டும். அவர் சோம்பலில் இதைச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். என் அம்மாவும் நெருப்பை அணையவிடமாட்டார். நாலரை மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) ஓட வேண்டியவருக்கு, காலையில் நெருப்பு தயாராக இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அவர் கண்கள் எப்போதும் சிவந்திருந்ததையும் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் எரிபொருள் எரிப்பதால் உண்டாகும் காற்று மாசால் 2020இல் மட்டும் உலகம் முழுவதும் 32 இலட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அந்த எண்ணை வாசிக்கும்போது எனக்கு அம்மாவின் இருமல்தான் கேட்கிறது.

புகை என்பது எரியாமல் தப்பிப் போகிற விறகு. காய்ந்த விறகின் எடையில் ஐந்தில் நாலு பங்கு, சூடேறும்போது வாயுவாகத்தான் வெளியே வருகிறது. அந்த வாயு எரிய இரண்டு விஷயம் வேண்டும்: நல்ல சூடும், போதிய காற்றும். பச்சைக் கட்டை சூட்டைக் கெடுக்கிறது, மூடிய தகடு காற்றைக் கெடுக்கிறது. ஆகவே ராத்திரி முழுக்க உங்கள் கட்டை எரியவில்லை, அவிந்துகொண்டிருக்கிறது. அந்த வாயு குளிர்ந்த பைப்பில் பட்டு, பானை மூடியில் ஆவி படிவதுபோலப் படிந்து தாராக வடிகிறது. நீங்கள் தேன் என்று எழுதியது அதைத்தான். வடிந்தது போக மிச்சம் பைப்புக்குள்ளேயே காய்ந்து மினுமினுப்பான கறுப்பு ஓடாக ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் நல்ல காய்ந்த விறகில் பெரிய நெருப்புப் போட்டால் அந்த ஓடு பற்றும். அப்போது பைப்புக்குள் 1000 பாகை செல்சியஸ் வரை சூடு ஏறலாம். பக்கத்தில் கூரைச் சட்டம் இருந்தால் அதுவும் சேர்ந்து பிடிக்கும். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ, ஒரே கூரை என்பதால் வரிசையையே கொண்டுபோனதை நாம் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். தனி வீடு என்பதற்காக உங்கள் கூரை மரம் வேறு விதமாக எரியாது.

தகட்டை மூடினால் வேறொன்றும் நடக்கிறது. மேலே போக வழியில்லாத வாயு குசினிக்குள் திரும்பும். மாமியாரின் அறையில் சட்டி செய்கிற வேலையை, வீடு முழுக்கும் இந்த அடுப்பு செய்யலாம். அந்தத் தகட்டைக் கழற்றிப் போட்டுவிடுங்கள். நெருப்பைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் விறகை முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் கட்டுப்படுத்துங்கள். ராத்திரி நெருப்பு தானாக எரிந்து அடங்கட்டும்.

காலையில் நெருப்பு பிடிக்கக் கஷ்டப்படுவது கட்டை இல்லாததால் அல்ல, ஈரத்தால். ஒரு பிடி காய்ந்த மிலாறும் (கவ்வாத்தில் வெட்டிப் போடும் தேயிலைக் குச்சி), சுண்டுவிரல் தடிப்பில் சீவிய பைன் துண்டுகளும் பரணில் இருந்தால் ஒரே நெருப்புக்குச்சியில் அடுப்பு பிடிக்கும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். சாம்பலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத தணல் இருந்தால் மண்ணெண்ணெய் ஆவியாகிக் குப்பென்று முகத்தில் பிடிக்கும். ஷொப்பிங் பையைக் கொளுத்தி மூட்டுவதும் வேண்டாம், அந்தப் புகை நேரே சுவாசத்துக்குள் போகும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவூட், மருந்து ஏற்றிய பழைய கம்பம் இவற்றுக்கும் அதே விதி.

விறகைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். உங்கள் சிக்கலில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

அப்போது வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே அந்த விறகின் சூட்டில் சுமார் ஏழில் ஒரு பங்கு போய்விடும். இது காகிதக் கணக்கு. உண்மையான நட்டம் இதைவிடப் பெரிது, ஏனென்றால் அந்த ஈரம் நெருப்பைக் குளிரவைக்க, எரிய வேண்டிய வாயு எரியாமலே வெளியேறுகிறது. விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் அடுப்புக்குள் போக வேண்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது "டங்" என்று கேட்கும், ஈரமானது "தொப்" என்று கேட்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருக்கும். பட்டை தானாகக் கழரும். இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது தராசை. ஒரு துண்டில் அடையாளம் போட்டு, கடையிலோ வீட்டிலோ நிறுத்து எடையை எழுதிவைத்து, பரணில் போடுங்கள். அடுத்த கிழமை திரும்ப நிறுங்கள். எடை இன்னும் குறைந்துகொண்டே போனால் அது காயவில்லை. இரண்டு கிழமை தொடர்ந்து ஒரே எடை நின்றால் அந்த அடுக்கை எரிக்கத் தொடங்கலாம்.

காயவைப்பதில் நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு, கட்டையை உருட்டையாகவே அடுக்கி வைப்பது. மரத்துக்குள் தண்ணீர் ஓடும் குழல்கள் நீளவாட்டில் இருக்கின்றன. பட்டை வழியாக ஈரம் போவது மிகக் கொஞ்சம். வெட்டுமுகத்தாலும் பிளந்த முகத்தாலும்தான் போகும். ஆகவே முதலில் அடுப்பு நீளத்துக்கு, 12 அல்லது 15 அங்குலத்துக்கு அறுத்து, மணிக்கட்டுத் தடிப்புக்குக் குறைவாகப் பிளந்துவிட்டு அப்புறம் அடுக்குங்கள். டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூக்கலிப்டஸ் மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளக்க வேண்டும். காய்ந்த பிறகு கோடரி உள்ளே போகாமல் உங்கள் வீட்டுக்காரர் அரை நாள் மல்லுக்கட்டுவார்.

அடுக்கும்போது தரையிலிருந்து அரை அடி உயரத்தில், கல் மேல் போட்ட சட்டத்தில் அடுக்குங்கள். மேலே மட்டும் ஒரு தகரம், பக்கங்கள் திறந்து காற்றுப் போக வேண்டும். பலர் தார்ப்பாயைத் தரைவரை இழுத்து மூடிக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கிறது, விறகு காய்வதில்லை. லிந்துலைப் பக்கத்துக்குத் தைக்கும் சித்திரைக்கும் இடைப்பட்ட காலம்தான் விறகுக்காலம். வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் ஆவணி முடியும்வரை வெளியே எதுவும் காயாது. ஊவாப் பக்கம், பண்டாரவளை, ஹப்புத்தளையில் இருப்பவர்களுக்கு இது மாறும். அங்கே ஆனியிலிருந்து ஆவணிவரை வீசும் வறண்ட காற்று விறகுக்குக் கிடைத்த கொடை. வெளியே காய்ந்ததைக் கடைசியாக ஒரு மாதம் குசினிப் பரணில் வைப்பது நம் பாட்டிமாரின் வழி. நல்ல வழிதான். ஆனால் பரணுக்கும் பைப்புக்கும் நடுவே ஒன்றரை அடியாவது இடைவெளி வேண்டும்.

எந்த மரம் நல்லது என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கவ்வாத்து மிலாறு மெலிதானாலும் கெட்டியான விறகு, சீக்கிரம் காயும், மூட்டுவதற்கு அதைப்போல் ஒன்றில்லை. ஒரு மலையில் கவ்வாத்து 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும், வரும்போது கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கூரைக்கடியில் வையுங்கள். மீள்நடுகைக்காகப் பிடுங்கிய பழைய தேயிலைக் கட்டை கிடைத்தால் விடாதீர்கள், நின்று எரியும். சவுக்கு, அதாவது தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக், லேசான மரம். சீக்கிரம் காயும், சீக்கிரம் முடியும், ரொட்டிக்கும் தேத்தண்ணிக்கும் போதும். டர்பன்டைன் காய்ந்தால் கடுஞ்சூடு தரும், ஈரமாக எரித்தால் சிமினியை நாசமாக்கும். பைனை மூட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காலையில் புகை திரும்புவதற்கு இன்னொரு காரணம் பைப்பிலேயே இருக்கிறது. சிமினி புகையை இழுப்பது எப்படி? உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருப்பதால் அது மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். நுவரெலியாவில் புல் மேல் உறைபனி படியும் தை, மாசி விடியலில் உங்கள் பைப்பும் ஐஸாகத்தான் இருக்கும். அதற்குள் நிற்கும் குளிர்ந்த காற்று போத்தல் மூடிபோல அடைத்துக்கொண்டிருக்கும். மெலிந்த புகை அதைத் தள்ள முடியாமல் உங்கள் முகத்துக்கு வரும். அடுப்பு மூட்டும் முன் ஒரு பத்திரிகைத் தாளை முறுக்கிக் கொளுத்தி, பைப் தொடங்கும் இடத்தில் அரை நிமிஷம் பிடியுங்கள். "உஸ்" என்று மேலே இழுக்கும் சத்தம் கேட்டதும் மிலாறைக் கொளுத்தலாம். அதற்கு முன் குசினிக் கதவையோ ஜன்னலையோ ஒரு சாண் திறந்துவிட வேண்டும். வெளியே போகிற காற்றுக்குச் சமமாக உள்ளே காற்று வராவிட்டால் எந்தச் சிமினியும் இழுக்காது. புது வீடுகளில் நான் பார்க்கும் புகைச் சிக்கலில் பெரும்பங்கு இதுதான். அடுப்பு வாயருகே ஊதுபத்தி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே போனால் வழி சரி. வெளியே சாய்ந்தால் மூட்டாதீர்கள்.

அப்புறம் அந்த இரண்டாவது பானைக் குழி. காலையில் ஒரு சட்டி மட்டும் வைத்து மற்றக் குழியைத் திறந்து விடுகிறீர்களா? அப்படியென்றால் சிமினி நெருப்பை இழுக்காமல் குசினிக் காற்றை அந்த ஓட்டை வழியாக இழுத்துக்கொண்டிருக்கும். சும்மா இருக்கும் குழியை எப்போதும் தண்ணீர்ப் பானையால் மூடுங்கள், குளிக்கச் சுடுதண்ணீரும் கிடைக்கும். சிமினி வைத்த அடுப்பில் பானை குழியில் இறங்கிப் பொருந்தி உட்கார வேண்டும். பானை சிறிதென்றால் களிமண்ணில் ஒரு வளையம் செய்து போடுங்கள்.

இனிப் பைப். வீட்டுக்காரர் கையில் அளவுநாடா கொடுத்து மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். பைப் கூரையைத் தாண்டி 3 அடியாவது நிற்க வேண்டும். சுற்றி 10 அடிக்குள் இருக்கும் கூரை முகட்டைவிட 2 அடி உயரமாகவும் இருக்க வேண்டும். பல வீடுகளில் கூரையைத் தாண்டியதும் வெட்டி விட்டுவிடுகிறார்கள். மலைக்காற்று முகட்டில் மோதித் திரும்பி நேரே பைப்புக்குள் இறங்குகிறது. அடுத்தது வளைவுகள். படுக்கையாக ஓடும் பைப் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மூன்றாவது, பொருத்து. மேல் பைப்பின் நுனி கீழ் பைப்புக்குள் இறங்கியிருக்க வேண்டும். புகை மேலே போகிறதே என்று பலர் தலைகீழாகப் பொருத்திவிடுகிறார்கள், அதனால்தான் தார் வெளியே வடிகிறது. சரியாகப் பொருத்தினால் வடிவது நிற்கும். ஆனால் தார் உண்டாவது காய்ந்த விறகால் மட்டும்தான் நிற்கும். ஆகவே பொருத்தை மாற்றிவிட்டுச் சிக்கல் தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

ஒற்றைத் தகட்டுப் பைப்புக்கும் எரியக்கூடிய எதற்கும் ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். கூரை மரத்தை உரசிக்கொண்டு போனால் மரத்தை வெட்டி விலக்க வேண்டும். உங்கள் கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் அதைக் கிரைண்டரால் வெட்ட விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி வருஷக்கணக்கில் கழித்துப் புற்றுநோயைக் கொண்டுவரும். பைப் போகும் இடத்துத் தகட்டை முழுதாகக் கழற்றி, அந்த இடத்துக்கு மட்டும் தகரம் போட்டு அதில் துளையிடுவதே நல்ல வழி.

பைப்பின் அடியில் T வடிவப் பொருத்து ஒன்றும் மூடியும் வைத்தால் கூரையில் ஏறாமலே கீழிருந்து கம்பித் தூரிகையால் துடைக்கலாம். அஸ்பெஸ்டஸ் கூரையில் ஏறி உடைந்து விழுந்தவர்களை எனக்குத் தெரியும். முதலில் இப்போதே ஒரு முறை முழுதாகத் துடைக்க வேண்டும், அது வரை பெரிய நெருப்புப் போடாதீர்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை பாருங்கள். 3 மில்லிமீற்றர் தடிப்புக்குக் கரி சேர்ந்திருந்தால் அன்றே துடைக்க வேண்டும். என்றாவது பைப்புக்குள் ரயில் ஓடுவதுபோல் இரைச்சல் கேட்டு, பைப் சிவந்தால் உள்ளே தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். முதலில் எல்லாரையும் வெளியே அனுப்புங்கள். கை எட்டும் நிலையிருந்தால் விறகை இழுத்து மண்ணில் போட்டு அடுப்பு வாயைத் தகரத்தால் மூடிவிட்டு நீங்களும் வெளியேறுங்கள். சூடேறிய பைப்பில் தண்ணீர் அடிக்காதீர்கள், பிளந்துவிடும்.

நெருப்பு எரியும் குழியின் உட்புறத்தில் மேசன் சீமெந்து பூசியிருந்தால் அது வெடித்து உதிரத்தான் செய்யும், சீமெந்துக்கு அந்தச் சூடு ஆகாது. புற்றுமண், உமிச்சாம்பல் கலந்து நீங்களே பூசிக்கொள்ளலாம். 1980களின் நடுவில் நம் நாட்டில் உருவான அனகி மண் அடுப்பு விறகை நன்றாக மிச்சப்படுத்தும், ஆனால் அதற்குச் சிமினி கிடையாது. உங்களிடம் ஏற்கனவே சிமினி இருக்கும்போது அதை விட்டுவிட்டு மாறச் சொல்ல மாட்டேன்.

அடுப்புக்கு மேலே கொடி கட்டி ஈரத்துணி காயப்போடுகிறீர்களா என்று தெரியவில்லை. மழைக்காலத்தில் எல்லார் வீட்டிலும் நடக்கிறது. கொடியை இன்றே அவிழ்த்துவிடுங்கள். விடியற்காலையில் நைலோன் சால்வையை விட்டுவிட்டுக் கம்பளியைப் போர்த்துங்கள். கொழுந்துக்குப் போகிறவர்கள் போர்த்திய அந்தப் பழைய கம்பளி லேசில் தீப்பிடிக்காது, யாருடைய உடுப்பிலாவது தீப்பிடித்தால் சுற்றி அணைக்கவும் அதுவே உதவும். வெந்த இடத்தில் பற்பசையோ ஐஸோ வைக்காமல் 20 நிமிஷம் ஓடுகிற பச்சைத் தண்ணீரில் பிடியுங்கள்.

சாம்பலை உரச்சாக்கில் அள்ளிக் கதவோரம் வைக்காதீர்கள், அதற்குள் தணல் இரண்டு நாள்கூட உயிரோடு கிடக்கும். மூடியுள்ள தகர வாளியில் வெளியே வைத்து, முழுதாக ஆறியதும் கோவா, லீக்ஸ் பாத்திக்குக் கொஞ்சமாகத் தூவலாம். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் வேண்டும், அதன் அடியில் கொட்டாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு மாமியார் எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள். பைப்பின் உயரம், அது கூரையைத் தாண்டி நிற்கும் அளவு, முகடு எவ்வளவு தூரம், அடையாளம் போட்ட விறகுத் துண்டின் இரண்டு கிழமை எடை, இவற்றையும் அதோடு அனுப்புங்கள். பைப்பை நீட்டினால் போதுமா, 4 அங்குலத்தை 6 அங்குலமாக மாற்ற வேண்டுமா என்பதை அந்த அளவுகளைப் பார்த்துத்தான் என்னால் சொல்ல முடியும்.